கடலைக்கு 105 நாள், பன்றிக்கு 115 நாள்

எனக்குப் பதினோரு வயதில் ஒரு பன்றியின் வயிற்றுக்குள் ஏழு குட்டிகளைப் பார்த்தேன்.

பங்குனி மாதம். மார்கழிப் பட்டத்தில் போட்ட கடலை பறிக்கிற பக்குவத்துக்கு வந்துகொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் கொல்லையிலிருந்து ஓர் ஆள் வந்து, "அரிவாளும் ரெண்டு சாக்கும் எடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அரிமளம் பக்கம் புஞ்சை நிலத்தைக் கொல்லை என்றுதான் சொல்வோம். பெரியப்பாவின் கொல்லை ஊரைத் தாண்டி, கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கிறது. வரப்போரம் முழ உயரக் குச்சிகளை நட்டுக் கம்பி இழுத்திருந்தார். மோட்டார் கொட்டகையிலிருந்து நேராக அதில் கரண்ட். அந்தக் கம்பியின் மேல் ஒரு பெண் பன்றி சாய்ந்து கிடந்தது.

நாலு பேர் சேர்ந்து அதைக் கண்மாய்க்குள் கருவை மரங்களுக்கு நடுவில் தூக்கிப் போனார்கள். வயிற்றைக் கீறியதும் பேச்சு நின்றது. ஒரே அளவில் ஏழு குட்டிகள். முதுகில் கோடு கூடத் தெரிந்தது. அதற்குள் அப்பத்தா வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல், "புள்ளத்தாச்சியக் கொன்னுட்டியளே" என்றாள். மண்வெட்டியை வாங்கி அவளே குழி தோண்டி ஏழையும் புதைத்தாள். அன்று எங்கள் வீட்டில் கறி ஏறவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "அந்த ஏழும் வெளிய வந்திருந்தா அடுத்த வருசம் நம்மள யாரு பாப்பா?"

இந்த இரண்டு வாக்கியங்களில் எது சரி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சென்ற வருடம் பெரியப்பா என்னிடம் ஒரு மனு எழுதித் தரச் சொல்லும்வரை, அந்தக் கேள்வியிலிருந்து தப்பிவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

*

காட்டுப்பன்றியைப் பற்றிப் பேசும்போது நகரத்து நண்பர்கள் அது கடலையைத் தின்றுவிட்டுப் போகும் என்று நினைக்கிறார்கள். தின்பது கொஞ்சம்தான். பன்றி மூக்கால் உழும் விலங்கு. மண்ணுக்குள் இருக்கும் காயின் வாசம் பிடித்து, வரிசை பிடித்துக் கிளறிக்கொண்டே போகும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் காலையில் நிலம் டிராக்டர் ஓட்டிப் போட்டது மாதிரி இருக்கும். பிடுங்கிய செடி பாதி, மிதித்தது பாதி. மரவள்ளி, சோளம், கரும்பு எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

ஊரில் செய்து பார்க்காத வைத்தியம் இல்லை. பழைய சேலைகளைக் கொல்லையைச் சுற்றிக் கட்டுவார்கள். காற்றில் சேலை ஆடினால் ஆள் நிற்பதாக நினைத்துப் பன்றி விலகும். ஒரு வாரம் விலகும். முடிவெட்டும் கடையில் சாக்கு மூட்டையில் முடி வாங்கி வந்து வரப்பில் தூவுவார்கள். மோப்பம் பிடிக்கும்போது மூக்கில் ஏறி எரிச்சல் கொடுக்கும் என்று கணக்கு. மழை பெய்தால் முடி மண்ணோடு போய்விடும். பரண் போட்டுத் தகர டப்பாவைத் தட்டியபடி விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பா அப்படிப் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறார். மேல் பக்கம் டப்பா தட்டினால் கீழ்ப் பக்கம் இறங்கும். "அதுக்கு என் சத்தம் பழகிப்போச்சுடா தம்பி, பக்கத்து வீட்டு ஆளு மாதிரி" என்பார்.

கடலை விதைத்துப் பறிக்க ஏறக்குறைய 105 நாள். பன்றி சினைபிடித்து ஈன ஏறக்குறைய 115 நாள். ஒரு வெள்ளாமை முடிகிற காலத்துக்குள் ஓர் ஈற்றும் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. ஓர் ஈற்றில் நான்கிலிருந்து ஆறு குட்டிகள் சாதாரணம். தீனி நன்றாகக் கிடைத்தால் பெண் குட்டி ஒரு வயதை ஒட்டியே சினைபிடித்துவிடும். ஈனும் நேரம் வந்தால் தாய் கூட்டத்தை விட்டு விலகி, புல்லையும் தழையையும் இழுத்துவந்து கூடு மாதிரிப் படுக்கை கட்டும். குட்டிகளோடு கூட்டத்துக்குத் திரும்பும். கூட்டம் என்பது பெரும்பாலும் தாய்களும் மகள்களும் குட்டிகளும்தான். பெரிய ஆண் தனியாகத் திரியும். ஊரில் ஒத்தப் பன்னி என்று பயந்து சொல்வது அதைத்தான்.

ஒரு கூட்டத்தில் நாலு பெண் பன்றிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஐந்து குட்டி என்றால் வருடத்துக்கு இருபது. பாதி செத்துப்போனாலும் பத்து மிஞ்சும். அதில் ஐந்து பெண். அடுத்த வருடம் ஈனக்கூடியவை ஒன்பது. இது நான் போடும் மனக்கணக்குதான். நோயும் வறட்சியும் இதைக் குறைக்கும். ஆனால் பெரியப்பாவின் பயத்தில் இருந்த கணக்கு இதுதான் என்று இப்போது புரிகிறது. அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. ஏழைப் பார்த்ததும் அடுத்த வருடத்தைப் பார்த்துவிட்டார்.

*

அப்பத்தாவிடம் வேறொரு கணக்கு இருந்தது. அன்று ராத்திரி அவள் எனக்குச் சொன்ன கதையைப் பின்னால் திருவிளையாடற் புராணத்தில் பார்த்தேன். வைகைக் கரை ஊரில் சுகலன் என்ற வேளாளனுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். குருவைக் கேலி செய்து சாபம் வாங்கி, காட்டில் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியன் வேட்டைக்கு வருகிறான். தகப்பன் பன்றியும் தாய்ப் பன்றியும் சாகின்றன. பன்னிரண்டு குட்டிகளும் பாலில்லாமல் வெயிலில் தவிக்கின்றன. மதுரைச் சொக்கன் தாய்ப் பன்றியாக வந்து படுத்துப் பால் கொடுக்கிறான். மதுரைப் புதுமண்டபத்துத் தூணில் பன்றி முகத்தோடு குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் அந்த உருவத்தை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கதையில் பாண்டியன் குற்றவாளி இல்லை என்பது பெரியவனான பிறகுதான் உறைத்தது. வேட்டை அரசனின் வேலை, அவன் அதைச் செய்தான். கதை அவனைத் தண்டிக்கவில்லை. வேட்டைக்குப் பின்னால் மிஞ்சுவதை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்கிறது. குட்டிகள் வளர்ந்து அதே பாண்டியனுக்கு மந்திரிகளாகின்றன. அப்பத்தாவும் பெரியப்பாவைத் திட்டவில்லை. குழி மட்டும் தோண்டினாள்.

*

கம்பி அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இருந்தது. மாலையில் போட்டுவிட்டு விடியலில் நிறுத்துவார். ஒரு நாள் விடியலில் நிறுத்த மறந்தார். அப்பத்தா அந்தப் பக்கம் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு சுள்ளி பொறுக்கப் போனாள். முன்னால் போன கிடாய்க்குட்டி கம்பியைத் தாண்டப் பார்த்து அப்படியே விறைத்து விழுந்தது. அவள் நாலு எட்டு பின்னால் நின்றிருந்தாள். குட்டியைத் தூக்கக் கையை நீட்டியவள், எதற்காக நிறுத்தினாள் என்று கடைசிவரை அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அன்றைக்கே பெரியப்பா கம்பியைச் சுருட்டினார். சுருட்டும்போது கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

நற்றிணையில் ஒரு பாட்டு இருக்கிறது. தினை தின்ன வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் பெரிய கல்லை நிறுத்திப் பொறி வைக்கிறான். விழுவது புலி. பொறிக்கு ஆள் தெரியாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லுக்கும் சரி, இன்றைய கம்பிக்கும் சரி. மேற்கே மலையோர மாவட்டங்களில் பன்றிக்குப் போட்ட மின்கம்பியில் யானைகள் செத்திருக்கின்றன. பன்றிக்கென்று பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய யானைகள் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன. மனிதர்களும் செத்திருக்கிறார்கள், பல நேரம் கம்பி போட்டவரின் வீட்டு ஆட்களே. மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2023இல் விதிகள் கொண்டுவந்தது. விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரம் பாயும் சூரிய மின்வேலி உதறித் தள்ளும், கொல்லாது. வீட்டுக் கரண்டை நேராக இழுப்பது கொலைக்கருவி. பெரியப்பா செய்தது இரண்டாவது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

கம்பியைச் சுருட்டிய பிறகு மூன்று பட்டம் பார்த்தார். மூன்றிலும் பாதிகூடத் தேறவில்லை. நாலாவது வருடம் கொல்லை முழுக்கத் தைல மரம் நட்டார். பன்றி தின்னாது, மாடு கடிக்காது, காவல் வேண்டாம், ஆள் கூலி வேண்டாம், சில வருடம் கழித்து வெட்டினால் காசு. சுற்றி நாலைந்து பேர் அதற்கு முன்பே அப்படித்தான் செய்திருந்தார்கள்.

*

தைல மரத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் புதிதாக யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் புதுக்கோட்டையின் காட்டு நிலங்களில் காகித ஆலைக் கூழுக்காகத் தைல மரம் வளர்த்துவருகிறது. அரிமளத்தைச் சுற்றியுள்ள காடு என்று வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி இதுதான். மழைநீரை மரத்துக்கு நிறுத்த உள்ளே வெட்டும் வரப்புகளால் கண்மாய்க்கு வரும் வரத்து நின்றுபோனதாக விவசாயிகள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். வழக்குகள் போட்டிருக்கிறார்கள்.

தைலக் காட்டுக்குள் நடந்து பார்த்தால் பன்றி ஏன் வெளியே வருகிறது என்று யாரும் சொல்ல வேண்டாம். கீழே காய்ந்த இலை மெத்தை. கிழங்கு இல்லை, பழம் இல்லை. காரையும் சூரையும் பாலையும் வீரையும் இருந்த பழைய முட்காட்டில் பன்றிக்கு ஏதாவது ஒரு பருவத்தில் ஏதாவது ஒன்று விழும். தைலம் நிழல்கூடச் சரியாகக் கொடுக்காது. ஆனால் மறைவு கொடுக்கும். பகலில் படுக்க ஆள் நடமாட்டமில்லாத இடம் போதும்.

கண்மாய்களுக்குள் சீமைக்கருவை. நீர் நிற்காத கண்மாயில் அது கோட்டைச்சுவர் மாதிரி வளர்ந்து நிற்கிறது. உள்ளே மனிதன் நுழைய முடியாது, பன்றி நுழையும். கண்மாயின் ஒரு பக்கம் கருவை, மறுபக்கம் கடலை. ஈனுவதற்கு இதைவிட நல்ல இடம் எந்தச் சரணாலயத்திலும் கிடைக்காது. புலி, சிறுத்தை, செந்நாய் இருக்கும் காட்டில் குட்டிகளில் எத்தனையோ அவற்றுக்குப் போகும். எங்கள் சமவெளியில் அதிகபட்சம் குள்ளநரி. அதையும் பார்த்து வருடக்கணக்காகிறது.

இங்கேதான் என் பெரியப்பாவின் கதை எனக்குக் கஷ்டமாகிறது. பன்றிக்குப் பயந்து அவர் நட்ட தைல மரங்கள் பக்கத்துக் கொல்லைக்காரருக்குப் பன்றிப் படுக்கையாகிவிட்டன. அவர் வந்து சண்டை போட்டார். "ஒங்க தோப்புக்குள்ளதான் படுத்துக் கெடக்கு. ராத்திரி எங்கொல்லையில மேயுது." பெரியப்பாவிடம் பதில் இல்லை. அந்த ஆளும் அடுத்த வருடம் தைலம் நட்டார். அதற்கடுத்த கொல்லைக்குப் பன்றி நகர்ந்தது.

*

அமெரிக்கக் கருங்கரடியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. கோடை தொடக்கத்தில் கரடிகள் இணைசேர்கின்றன. ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டுவதில்லை. மாதக்கணக்கில் அப்படியே மிதந்து காத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் ஓக் காய்களும் பழங்களும் தின்று தாய் போதுமான கொழுப்பு ஏற்றிக்கொண்டால் மட்டுமே கரு ஒட்டி வளரும். தீனி போதவில்லை என்றால் அந்த வருடம் குட்டி இல்லை. குளிர்காலத்தில், வளைக்குள், அரைத்தூக்கத்தில் ஈனுகிறது. பொதுவாக இரண்டு அல்லது மூன்று. அடுத்த ஈற்றுக்கு இரண்டு வருடம் ஆகும். நம்மூர்க் கரடி இன்னும் நிதானம். ஒன்று அல்லது இரண்டு குட்டி, அதையும் முதுகில் சுமந்து வளர்க்கும்.

ஆக, குட்டிகளின் எண்ணிக்கை என்பது அந்த நிலம் தாய்க்கு எவ்வளவு தீனி கொடுத்தது என்பதன் கணக்கு. பன்றிக்கும் இது பொருந்தும். ஐரோப்பியக் காடுகளில் ஓக், பீச் மரங்கள் அள்ளிக் காய்க்கும் வருடங்களில் அதிகப் பெண் பன்றிகள், இளம் வயதுப் பன்றிகளும்கூட, ஈனுகின்றன. எங்கள் ஊரில் அந்தக் காய்ப்பு வருடா வருடம் வருகிறது. அதை நாங்களே விதைக்கிறோம்.

வேட்டையாடினால் குறையாதா? அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2003இல், முப்பது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, கரடி வேட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வேட்டையை நிறுத்துவேன் என்று சொல்லி வந்த ஆளுநர் பில் மர்ஃபி நிறுத்தினார். வீட்டுப் பக்கம் கரடிகள் வருவதாகப் புகார்கள் பெருகவும் 2022 டிசம்பரில் அவரே மறுபடி அனுமதித்தார். கரடி மெதுவாகப் பெருகும் விலங்கு. எத்தனையைச் சுடுவது, எப்போது நிறுத்துவது என்று எண்ணிச் செய்ய முடியும். சில மாநிலங்களில் குட்டியோடு திரியும் தாயைச் சுடுவது குற்றம்.

பன்றி அப்படி எண்ணுவதற்கு நிற்காது. ஒரு கூட்டத்தை உண்மையிலேயே குறைக்க வருடத்துக்குப் பாதிக்கும் மேல் எடுக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பிரான்சில் வேட்டை கடுமையாக இருக்கும் காடுகளில் பன்றிகள் வருடத்தில் முன்கூட்டியே, இளம் வயதிலேயே ஈனத் தொடங்கியிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய கொம்பன் ஒன்றைச் சுட்டு அதோடு நின்று புகைப்படம் எடுப்பதால் எண்ணிக்கை அசையாது. இன்னொரு ஆண் வரும். எண்ணிக்கையைக் குறைப்பது பெண் பன்றிகளின் சாவுதான். அதைச் செய்தால் புதர்க்குள் கோடு போட்ட குட்டிகள் பாலில்லாமல் கிடக்கும். ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் இதற்காகவே, குட்டி வளர்க்கும் காலத்தில் தாயைச் சுடுவதைத் தடுக்கிறது. முதலில் குட்டியை, பிறகு தாயை என்பது அங்கே வேட்டைக்காரர்களின் ஒழுங்கு. கேட்கக் கொடூரமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அப்பத்தாவின் கவலையும் பெரியப்பாவின் கவலையும் ஒரே விதிக்குள் உட்கார முயன்றதுபோல இருக்கிறது.

நம் நாட்டில் இந்தச் சண்டை பெரும்பாலும் இரண்டு கூச்சல்களாகவே நடக்கிறது. 2016இல் பிகாரில் பயிரை அழித்த நீலான்களைச் சுட்டபோது, மத்திய அமைச்சர் மேனகா காந்தியும் சூழல் அமைச்சர் பிரகாஷ் ஜவடேகரும் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். ஒரே அமைச்சரவையில் இருந்தவர்கள். ஒருவர் கொலைவெறி என்றார், இன்னொருவர் விவசாயியின் கோரிக்கை என்றார். கேரளம் 2022இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது.

*

தமிழ்நாட்டின் முறை 2025 ஜனவரியில் வந்தது. வனத்துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி துப்பாக்கி தூக்க முடியாது. சுட்ட பன்றி 1972ஆம் வருட வன உயிரினச் சட்டப்படி அரசாங்கத்தின் சொத்து.

பெரியப்பா அதைச் செய்தியில் கேட்டிருக்கிறார். தைலத்தை வெட்டிவிட்டு, வேரையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி கடலை போடப் போகிறேன் என்று முடிவெடுத்திருந்தார். நான் ஊருக்குப் போனபோது, "தம்பி, ஒரு மனு எழுதிக் குடு. பன்னியச் சுடணும்னு எழுது" என்றார்.

கண்மாய்க் கரையில் நின்று செல்போன் வரைபடத்தில் தூரம் அளந்தேன். காப்புக்காட்டின் ஓரத்திலிருந்து கொல்லைக்கு இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

"சுட மாட்டாங்க பெரியப்பா. கூண்டு வச்சுப் பிடிச்சுக் காட்டுல விடுவாங்க."

"எந்தக் காட்டுல?"

நான் கை காட்டினேன். வரிசை வரிசையாகத் தைலம் நின்றது. அவர் வெகுநேரம் சிரித்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்க விட்டா அது எத்தன நாளு இருக்கும்? நமக்கு முன்னாடி வீடு வந்து சேந்துரும்டா."

தூரத்தை வைத்து வட்டம் போடும் அந்த முறையில் நியாயம் இருக்கிறது. காட்டோரத்தில் சுட அனுமதித்தால் பன்றியோடு நிற்காது, மானும் போகும், காட்டுக்குள்ளேயே வேட்டை தொடங்கும். புலிக்கும் சிறுத்தைக்கும் பன்றி இரை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் அந்த வட்டத்துக்கு அர்த்தம் உண்டு. அரிமளத்தில் காடு என்ற சொல்லுக்கும் காட்டுக்கும் இடையிலேயே தூரம் கூடிவிட்டது. எங்கள் பன்றி காட்டிலிருந்து வருவதில்லை. கண்மாய்க் கருவையில் பிறந்து, தைலத் தோப்பில் படுத்து, கடலையில் வளர்கிறது. மூன்றும் நாங்கள் வைத்தவை, அல்லது வைக்க விட்டவை. கருவையை வெட்டி வரத்துவாரியைத் திறந்து கண்மாயில் தண்ணீர் நிறுத்தினால் பன்றியின் பிரசவ அறை மூடும். காப்புக்காட்டில் கொஞ்சமாவது பழைய மரங்கள் திரும்பினால் கூண்டில் பிடித்ததை விட ஓர் இடம் இருக்கும். பத்துக் கொல்லைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு சூரிய வேலி போடலாம். இவை எதுவும் நடக்காமல் துப்பாக்கி மட்டும் வந்தால் அது 115 நாளுக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும்.

இதற்காகச் சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பாகச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் இழுக்கும் கம்பியைவிட, பகலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பயிற்சி பெற்றவர் சுடும் குண்டு மேல். கம்பிக்குச் சினை தெரியாது, ஆடு தெரியாது, அப்பத்தா தெரியாது.

மனுவைத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். சர்வே எண், பரப்பளவு, சேதம், தூரம். கருவையை அகற்றக் கோரி தனியாக ஒன்றும், வேலி மானியம் கேட்டு இன்னொன்றும் எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிய பெரியப்பா, சற்று நேரம் தாளையே பார்த்தார். அப்பத்தா போய் ஆறு வருடம் ஆகிவிட்டது.

"சினைப் பன்னியச் சுடக்கூடாதுன்னு ஒரு வரி சேத்துரு."

எங்கள் தூரத்துக்குச் சுடவே மாட்டார்கள், அந்த வரிக்கு அவசியமில்லை. கணக்குப்படிப் பார்த்தாலும் அந்த வரி அவருக்கு எதிரானது. ஏழைப் பார்த்து அடுத்த வருடத்துக்குப் பயந்தவர் அவர்தான். எல்லாம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

சொல்லவில்லை. கையெழுத்துக்கு மேலே இடம் இருந்தது. சேர்த்து எழுதினேன்.